ஆண்டுக்கு 0.7: ஒரு திமிங்கலத்தைக் காக்க அரசுகள் என்னதான் செய்கின்றன?

அமெரிக்கா, கனடா இரண்டின் கிழக்குக் கரையோரமும் வாழும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம், உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் பெரிய திமிங்கலங்களில் ஒன்று. 2010 வாக்கில் 480ஐ ஒட்டி இருந்த எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் 360 அளவுக்குச் சரிந்தது. பிறகு மெல்ல ஏறி, 2024ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் 384ஐத் தொட்டிருக்கிறது. இவற்றில் குட்டி ஈனும் நிலையில் உள்ள பெண் திமிங்கலங்கள் ஏறக்குறைய 70 மட்டுமே. மனிதச் செயலால் இவற்றில் ஆண்டுக்கு 0.7க்கு மேல் இறக்கக் கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டக் கணக்கு.

இந்த இனத்தைக் காக்க இரண்டு அரசுகளும் பல பத்தாண்டுகளாகச் சட்டம் போடுகின்றன, கடலை அளந்து மண்டலம் பிரிக்கின்றன, கப்பலின் வேகத்தைக் குறைக்கச் சொல்கின்றன, மீன்பிடிக் கயிற்றின் வலுவைக்கூட நிர்ணயிக்கின்றன. ஆனால் திமிங்கலத்துக்கு நேரடியாக யாரும் எதுவும் செய்வதில்லை. புலியைப் போலக் காப்பகம் அமைத்து வளர்க்க முடியாது, கூண்டில் இனப்பெருக்கம் செய்விக்க முடியாது. 15 மீட்டர் நீளமும் 60 டன் வரை எடையும் உள்ள, ஃபுளோரிடாவுக்கும் கனடாவுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வரும் உயிரினம் அது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அதைக் கொல்வதை நிறுத்துவது. ஆகவே இந்தப் பாதுகாப்புத் திட்டம் முழுவதுமே மனிதர்களை, அவர்களின் கப்பல்களை, அவர்களின் கயிறுகளை ஒழுங்குபடுத்தும் திட்டம்தான்.

வேட்டையாடுவது 1935இலேயே பன்னாட்டு ஒப்பந்தத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்று இவற்றைக் கொல்பவை இரண்டு: கப்பல் மோதல், மீன்பிடிக் கயிற்றில் சிக்குதல். இவற்றின் நெருங்கிய உறவான தெற்கு ரைட் திமிங்கலமும் அதே வேட்டையில் அழிக்கப்பட்ட இனம்தான். ஆனால் கப்பலும் கயிறும் குறைவான தென்கடலில் அது இன்று பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. உடலமைப்பும் இனப்பெருக்க முறையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வடக்கில் இருப்பது பெருகாததற்குக் காரணம் அதன் உடலில் இல்லை.

0.7 எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் இரண்டு சட்டங்கள் இதில் முக்கியம். ஒன்று, 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம். மற்றது, 1973இல் வந்த அழிவுநிலை உயிரினங்கள் சட்டம். இரண்டையும் கடலில் நடைமுறைப்படுத்துவது நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் மீன்வளப் பிரிவு. கனடாவில் மீன்வளம், பெருங்கடல் துறையும் போக்குவரத்துத் துறையும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

1972 சட்டம் ஒரு கணக்கை முன்வைக்கிறது. மனிதச் செயலால் ஆண்டுக்கு எத்தனை இறந்தால் ஓர் இனம் தாங்கும், எத்தனைக்கு மேல் போனால் தாங்காது என்பதைக் காட்டும் உச்சவரம்பு அது. மூன்று எண்களைப் பெருக்கினால் போதும். முதலாவது, உறுதியாகச் சொல்லக்கூடிய குறைந்தபட்ச எண்ணிக்கை. இரண்டாவது, இனம் ஆண்டுக்கு அதிகபட்சம் வளரக்கூடிய விகிதத்தில் பாதி. பல்லுக்குப் பதில் வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கலங்களுக்குப் பொதுவாக 4 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், பாதி என்றால் 0.02. மூன்றாவது மீட்புக் காரணி. நல்ல நிலையில் உள்ள இனத்துக்கு இது 1, அழிவின் விளிம்பில் உள்ளதற்கு 0.1.

குறைந்தபட்சம் 350 உயிர்கள் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 350 × 0.02 × 0.1 = 0.7. ஆண்டுக்கு ஒன்றுகூட இறக்கக் கூடாது என்று பொருள். மூன்று ஆண்டுகளில் இரண்டு இறந்தால் வரம்பு ஏறக்குறைய நிரம்பிவிடும். 2017இல் மட்டும் 17 உடல்கள் கிடைத்தன: கனடாவில் 12, அமெரிக்காவில் 5. அதே ஆண்டில் நோவா இதை ‘அசாதாரண இறப்பு நிகழ்வு’ என்று அறிவித்தது.

உடல் கிடைத்தவைதான் இந்தக் கணக்கில் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990 முதல் 2017 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, இறந்தவற்றில் ஏறக்குறைய 36 சதவீதம் மட்டுமே யார் கண்ணிலாவது பட்டிருக்கின்றன என்று தெரியவந்தது. கயிற்றில் சிக்கி மாதக்கணக்கில் மெலிந்து இறக்கும் திமிங்கலத்தின் கொழுப்பு கரைந்துவிடுவதால் உடல் மிதக்காமல் மூழ்கிவிட வாய்ப்பு அதிகம். கப்பல் மோதலைவிடக் கயிற்றுச் சாவு குறைவாகப் பதிவாவதற்கு இது ஒரு காரணம்.

10 நாட் விதி

ரைட் திமிங்கலம் கறுப்பு நிறம், முதுகில் துடுப்பு கிடையாது, மெதுவாக நீந்தும். தாயும் குட்டியும் நீர்மட்டத்தை ஒட்டியே நாள் முழுக்கக் கிடக்கும். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால், அலை சற்றுக் கூடுதலாக இருந்தாலே கண்ணுக்குத் தெரியாது. ‘பார்த்து ஓட்டுங்கள்’ என்று மாலுமியிடம் சொல்லிப் பயனில்லை. வேகத்தைத்தான் குறைக்க முடியும்.

வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு நன்றாக ஆராயப்பட்டது. நாட் என்பது கப்பல் வேகத்தின் அலகு, ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 2007இல் வெளியான ஆய்வின்படி, 15 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் மோதினால் திமிங்கலம் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். 8.6 நாட் வேகத்தில் அது 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் 2008 டிசம்பரில் அமெரிக்க விதி நடைமுறைக்கு வந்தது: 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில் 10 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 18.5 கிலோமீட்டர்.

மாதங்கள் திமிங்கலத்தின் பயணத்தை ஒட்டி அமைந்தவை. ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோரம் குட்டி ஈனும் பகுதியில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அவை வடக்கே போகும் வழியிலுள்ள துறைமுக வாயில்களில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. இரை தேடும் கேப் காட் விரிகுடாவில் ஜனவரி 1 முதல் மே 15 வரை. புயலோ நீரோட்டமோ கப்பலைத் திருப்புவதைச் சிரமமாக்கினால் வேகத்தைக் கூட்டலாம். ஆனால் ஏன், எங்கே, எவ்வளவு நேரம், என்ன வேகம் என்று கப்பலின் பதிவேட்டில் எழுதிக் கேப்டன் கையெழுத்திட வேண்டும். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி கட்டாயம் என்பதால், கரையில் உட்கார்ந்தே மீறலைக் கண்டுபிடித்து அபராதம் போட முடிகிறது.

கூடவே ஒரு தன்னார்வ ஏற்பாடும் உண்டு. மண்டலத்துக்கு வெளியே மூன்றோ அதற்கு மேலோ திமிங்கலங்கள் சேர்ந்து தென்பட்டால், அந்த இடத்தை 15 நாளுக்கு மெதுவேகப் பகுதியாக அறிவித்து, வேகத்தைக் குறைக்கும்படி வேண்டுகோள் விடுப்பார்கள். 2020 முதல் நீருக்கடியில் குரல் கேட்டாலும் அறிவிக்கிறார்கள். வேண்டுகோள் என்ற சொல்லிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. கட்டாய மண்டலத்தில் கிடைக்கும் அளவுக்கு ஒத்துழைப்பு இங்கே கிடைப்பதில்லை.

விதியின் பெரிய ஓட்டை அந்த 65 அடிதான். 2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் அருகே 54 அடி நீள உல்லாச மீன்பிடிப் படகு ஒரு குட்டியின் மீது மோதியது. குட்டி இறந்தது, தாய்க்கும் காயம். மோதிய வேகத்தில் படகு சேதமாகி, மூழ்காமலிருக்கக் கரையேற்ற வேண்டியதாயிற்று. அந்த நீளத்துக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது. 35 அடி முதல் 65 அடி வரையுள்ள படகுகளையும் சேர்க்க, தன்னார்வப் பகுதிகளைக் கட்டாயமாக்க, 2022இல் நோவா ஒரு வரைவை வெளியிட்டது. உல்லாச மீன்பிடித் துறையும், துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிநடத்தும் பைலட்டுகளும் கடுமையாக எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் அந்த வரைவு திரும்பப் பெறப்பட்டது.

வேகத்தைக் குறைப்பதைவிடச் சுலபமானது, முடிகிற இடத்தில் பாதையையே நகர்த்திவிடுவது. 2003இல் கனடா, ஃபண்டி விரிகுடாவின் கப்பல் பாதையைத் திமிங்கலங்கள் கூடும் இடத்திலிருந்து கிழக்கே தள்ளியது. 2007இல் பாஸ்டன் துறைமுகப் பாதையும் அப்படித் திருப்பப்பட்டது. கப்பல்களுக்குக் கூடுதல் செலவு சில நிமிடங்கள்தான். நம் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு: இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையை ஒட்டிச் செல்லும் நெரிசலான கப்பல் பாதை, நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் நடுவே போகிறது. அங்கே அதிகாரபூர்வமாகப் பாதை மாறும்வரை காத்திராமல், எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது.

கயிறு

கப்பலைவிடக் கடினமான பகுதி இது. மேய்ன் மாநிலத்திலும் மாசசூசெட்ஸிலும் சிங்கி இறால் பிடிப்பது பல தலைமுறைத் தொழில். கம்பிக் கூண்டுக்குள் இரையை வைத்துக் கடல் தரையில் இறக்குவார்கள். பல கூண்டுகளை வரிசையாகக் கோத்திருக்கும் தரைக் கயிறு ஒன்று, வரிசையின் நுனியிலிருந்து நீர்மட்டத்தில் உள்ள மிதவை வரை செங்குத்தாக எழும் மிதவைக் கயிறு ஒன்று. மிதவையைக் கொக்கி போட்டு இழுத்து, விசைச் சுருளில் கயிற்றைச் சுற்றினால் கூண்டு மேலே வரும். இப்படிச் செங்குத்தாக நிற்கும் கயிறுகள் அந்தக் கரையோரம் லட்சக்கணக்கில் உள்ளன.

ரைட் திமிங்கலம் அரிசிமணியைவிடச் சிறிய கோபிபாட் உயிரிகளைத் தின்று வாழ்வது. வாயை அகலத் திறந்தபடியே நீந்தி, நீரை பலீன் தகடுகள் வழியே வடிகட்டும். அப்படி வரும்போது கயிறு வாய்க்குள் புகுந்துவிடும். மிரண்டு உருளும், உருள உருளக் கயிறு மார்புத் துடுப்பிலும் வாலடியிலும் சுற்றி இறுகும். சிறியதாக இருக்கும்போது சிக்கினால், உடல் வளர வளரக் கயிறு சதைக்குள் புதையும். இந்த இனத்தில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றின் உடலில், ஒருமுறையாவது கயிற்றில் சிக்கியதற்கான தழும்பு இருக்கிறது. சாகாமல் தப்பியதும் முழுதாகத் தப்புவதில்லை. கயிற்றையும் கூண்டையும் இழுத்துக்கொண்டு நீந்துவதில் சக்தியெல்லாம் போய்விடுவதால், பெண் திமிங்கலம் மறுபடி கருத்தரிக்கும் அளவுக்குக் கொழுப்புச் சேர்க்க ஆண்டுகள் பிடிக்கும். முன்பு மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈன்றவை, இப்போது ஆறு முதல் பத்து ஆண்டு எடுத்துக்கொள்கின்றன. 2017-18 பருவத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2023-24இல் 20 பிறந்தன, நல்ல ஆண்டு என்று பேசப்பட்டது. ஆனால் இன்றைய சாவு விகிதத்தை ஈடுகட்டி இனம் மீள, ஆண்டுக்கு 50 குட்டிகளாவது பல ஆண்டுகள் தொடர்ந்து பிறக்க வேண்டும் என்கிறது நோவா. 70 தாய்களை வைத்துக்கொண்டு அது நடக்காத காரியம். பிறப்பைக் கூட்டுவதைவிடச் சாவைக் குறைப்பதுதான் வழி.

அரசு எடுத்த நடவடிக்கைகளை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைச் சரிசெய்ய வந்ததாகவே இருக்கும். 1997இல் கயிற்றுச் சாவுகளைக் குறைக்கும் முதல் திட்டம் வந்தது. மீனவர்கள், விஞ்ஞானிகள், சூழல் அமைப்பினர், மாநில அதிகாரிகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த குழு அதன் அடிப்படை. அடுத்து, மிதக்கும் தரைக் கயிறுகள் கூண்டுகளுக்கு நடுவே வளைவாக மேலெழுந்து நிற்பது சிக்கல் என்று தெரிந்ததும், மூழ்கும் கயிற்றுக்கு மாறச் சொன்னார்கள். 2009 முதல் பெரும்பாலான இடங்களில் அது கட்டாயம். மூழ்கும் கயிறு பாறையில் உரசிச் சீக்கிரம் தேய்கிறது, செலவு கூடுகிறது என்று மீனவர்கள் அன்றே சொன்னார்கள், அது உண்மையும்கூட. தரைக் கயிறு கீழே போனபின் மிஞ்சியது மிதவைக் கயிறு.

2021 விதி அதன் மேல் கைவைத்தது. கரையிலிருந்து தொலைவு கூடக்கூட ஒரு மிதவைக் கயிற்றில் கூடுதல் கூண்டுகளைக் கட்ட வேண்டும், கயிறுகளின் எண்ணிக்கை குறையும். மிதவைக் கயிறு 1,700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 770 கிலோ இழுவிசையில் அறுந்துவிட வேண்டும், அல்லது அந்த வலுவில் அறுபடும் இணைப்புகளை இடையிடையே செருக வேண்டும். வளர்ந்த திமிங்கலம் உதறினால் அறுத்துக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. குட்டியும் இளசும் அந்த அளவு இழுக்காது என்பது இதன் எல்லை. ஆழ்கடலில் ஒரே கயிற்றில் நிறையக் கூண்டுகளைத் தூக்கும்போது இழுவிசை கூடும் என்பதால், முழுக் கயிற்றையும் வலுக்குறைந்ததாக வைக்க முடியாது என்பது மற்றொன்று.

இவற்றோடு வந்த சிறிய விதி ஒன்று எதிர்பார்த்ததைவிட அதிகம் பயன்பட்டது. கயிற்றில் மாநிலவாரியாக நிறம் பூச வேண்டும்: மேய்னுக்கு ஊதா, மாசசூசெட்ஸுக்குச் சிவப்பு, நியூ ஹாம்ப்ஷயருக்கு மஞ்சள். அதற்கு முன், திமிங்கலத்தின் மேலிருந்து எடுத்த கயிறு யாருடையது, எந்த நாட்டுடையது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தொழிலும் ‘எங்கள் கயிறு இல்லை’ என்று சொல்லிவிடலாம். 2024 ஜனவரி 28 அன்று, மார்த்தாஸ் வினியார்ட் தீவில் மூன்று வயதுப் பெண் திமிங்கலம் ஒன்று கரையொதுங்கியது. வாலடியில் ஆழப் புதைந்திருந்த கயிற்றில் ஊதா நிறக் குறிகள். 2022 ஆகஸ்டிலேயே அது கயிற்றோடு திரிவதைக் கண்டிருந்தார்கள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அந்தக் கயிற்றைச் சுமந்திருக்கிறது. மேய்ன் சிங்கி இறால் தொழிலின் கருவிதான் என்று உறுதியானது.

திமிங்கலம் இடம் மாறினால்?

மண்டலம் வரைந்து காப்பதில் ஓர் அடிப்படை அனுமானம் உண்டு: திமிங்கலம் போன ஆண்டு இருந்த இடத்துக்கே இந்த ஆண்டும் வரும். 2010க்குப் பிறகு மேய்ன் வளைகுடாவின் ஆழநீர் வெப்பமானது, கோபிபாட்கள் குறைந்தன, திமிங்கலங்கள் இரையைத் தேடிக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே வேகக் கட்டுப்பாடும் இல்லை, கயிற்றுக் கட்டுப்பாடும் இல்லை. பனி நண்டுப் பிடிப்பும் சரக்குக் கப்பலும் மும்முரமாக இருந்த வளைகுடா அது. 2017இல் கனடாவில் கிடைத்த 12 உடல்களின் பின்னணி இதுதான்.

கனடா அடுத்த ஆண்டே மாற்றியமைத்தது. இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிடக் கனடாவின் முறையே மேல் என்பது எங்கள் கருத்து, ஏனெனில் அது நிலையான கோடுகளை மட்டும் நம்புவதில்லை. விமானத்திலிருந்து ஒரு திமிங்கலம் கண்ணில் பட்டாலோ, நீருக்கடி ஒலிவாங்கியில் குரல் கேட்டாலோ, அந்த இடத்தைச் சுற்றியுள்ள கடல் சதுரம் 15 நாளுக்கு மீன்பிடிப்புக்கு மூடப்படும். மீனவர்கள் குறித்த நேரத்துக்குள் கூண்டுகளை எடுத்துவிட வேண்டும். அந்த 15 நாளின் பிற்பகுதியில் மறுபடி தென்பட்டால், வளைகுடாவில் அந்த இடம் பருவம் முடியும்வரை மூடியே இருக்கும். கப்பல்களுக்கும் 10 நாட் வரம்பு உண்டு. 2017இல் 20 மீட்டர் நீளத்தில் தொடங்கி, 2019இல் 13 மீட்டருக்கு இறக்கிவிட்டார்கள். மீறினால் 2,50,000 கனடிய டாலர் வரை அபராதம். நண்டுப் பிடிப்பைத் திமிங்கலம் வருமுன்பே முடித்துவிட, பனியுடைக்கும் கப்பல்களை அனுப்பித் துறைமுகங்களைச் சீக்கிரம் திறந்துவிடுவதும் நடக்கிறது. மீனவரின் பங்கும் குறையாது, கயிறும் திமிங்கலமும் சந்திக்கும் நாள்களும் குறையும்.

மூடிய சதுரத்தின் விளிம்பில் கூண்டுகள் குவிந்துவிடுவது இந்த முறையின் தொல்லை. திமிங்கலம் கோட்டைத் தாண்டினால் இன்னும் அடர்ந்த கயிற்றுக் காட்டுக்குள் நுழைகிறது.

எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ரைட் திமிங்கலத்தின் தலையிலும் தடித்த, சொரசொரப்பான தோல் திட்டுகள் உண்டு. அவற்றில் வெள்ளை நிறப் பேன்கள் குடியிருப்பதால் கறுப்புத் தலையில் அவை எடுப்பாகத் தெரியும். அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். படம் எடுத்து, பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் பராமரிக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, அது எந்தத் திமிங்கலம் என்று பட்டியல் எண்ணோடு சொல்லிவிடலாம். விமானம், டிரோன், நீருக்கடியில் ஆளின்றிச் செல்லும் கிளைடர், ஒலிவாங்கி பொருத்திய மிதவைகள் என்று எல்லாமே இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. குரலில் முக்கியமானது, கீழ்ச்சுருதியில் தொடங்கி மேலேறும் ஒரு வினாடி நீளக் கூப்பிடல். ஒலிவாங்கி இரவிலும் மூடுபனியிலும் வேலை செய்யும், ஆனால் பேசாத திமிங்கலத்தை அதால் கண்டுபிடிக்க முடியாது.

சிக்கியதை விடுவிப்பது

செய்திகளில் அதிகம் வருவது இதுதான், பாதிப்பைக் குறைப்பதில் பங்கு சிறிது. பயிற்சியும் அனுமதியும் பெற்ற குழு சிறிய ரப்பர் படகில் நெருங்கும். திமிங்கலம் இழுத்துச் செல்லும் கயிற்றின் நுனியில் முதலில் செயற்கைக்கோள் மிதவையைப் பூட்டுவார்கள், மறைந்தாலும் பின்தொடரலாம். பிறகு பெரிய மிதவைகளைக் கட்டிக் களைக்க வைப்பார்கள். களைத்தபின் நீண்ட கழியில் பொருத்திய வளைகத்தியால் கயிற்றை அறுப்பார்கள். யாரும் நீருக்குள் இறங்குவதில்லை. ரைட் திமிங்கலம் மற்றவற்றைவிட ஆவேசமாக எதிர்க்கும். 2017 ஜூலையில் கனடாவில், அறுத்துவிட்ட மறுகணமே திமிங்கலம் வாலால் அடித்ததில் அனுபவமிக்க மீட்பாளர் ஒருவர் உயிரிழந்தார். இரு நாடுகளும் சிலகாலம் இந்தப் பணியை நிறுத்திவைத்தன.

கயிறே இல்லாத கூண்டு

மூடுவதும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது, வேண்டும்போது மட்டும் மேலே வரும் கருவி. கூண்டோடு கயிற்றுச் சுருளும் மிதவையும் கடல் தரையிலேயே கிடக்கும். படகிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் பூட்டு விடுபட்டு மிதவை மேலே வரும். இன்னொரு வகையில் காற்றுப் பை ஊதிக்கொண்டு கூண்டையே தூக்கிவரும். நோவாவின் வடகிழக்கு மீன்வள ஆய்வு மையம் இவற்றை வாங்கி வைத்து மீனவர்களுக்கு இரவல் கொடுத்துச் சோதிக்கிறது. மூடிய பகுதிகளில், இந்தக் கருவியோடு மட்டும் மீன்பிடிக்கச் சிறப்பு அனுமதியும் தருகிறார்கள்.

சிக்கல்கள் இரண்டு. ஒன்று விலை, சாதாரண மிதவைக் கயிற்றோடு ஒப்பிடவே முடியாது. மற்றது நுட்பமானது. மிதவை வெறும் கைப்பிடி அல்ல, ‘இங்கே என் கூண்டு கிடக்கிறது’ என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அடையாளமும் அதுதான். அது இல்லாவிட்டால் ஒருவர் வரிசையின் மேல் இன்னொருவர் வரிசையை இறக்கிவிடுவார், இழுவலைப் படகு வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும். ஆகவே கூண்டின் இருப்பிடத்தை எல்லாப் படகுகளின் திரையிலும் காட்டும் பொது முறை ஒன்று வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

இதற்கான அவகாசத்தை அமெரிக்க நாடாளுமன்றம் ஒருவகையில் கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, சிங்கி இறால் தொழிலுக்கு 2021 விதியே போதுமானது என்று 2028 டிசம்பர் 31 வரை கருதப்படும் என்று எழுதிவிட்டார்கள். புதிய கருவிகளைச் சோதிக்கவும் மீனவர்களுக்கு உதவவும் பணம் ஒதுக்கினார்கள். அந்தத் தேதி முடியும்போது, 1972 சட்டத்தின் வரம்பு எந்தத் தளர்வும் இல்லாமல் மறுபடி பொருந்தும்.